ஒரு கையில் மேசன் கரண்டி, மறு கையில் கடிதம்

எங்கள் கிளையின் மாதாந்தக் கூட்டங்களில் சம்பளத்துக்கு அடுத்ததாக அதிக நேரம் பேசப்பட்ட விடயம் மலசலகூடம். பேசக் கூச்சப்படும் விடயம்தான். ஆனால் கடந்த மழைக்காலத்தில் அந்தக் கூச்சம் போய்விட்டது. ஆயுள் முழுவதும் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, விடியற்காலை நாலு மணிக்கு டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குக் கீழே உள்ள கக்கூஸ் வரிசைக்குப் போகும்போது படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அவருடைய பேத்தி எங்கள் பாடசாலையில் படிக்கும் பிள்ளை. அம்மா மலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்பதால், பாட்டியைப் பார்த்துக்கொள்ள அந்தப் பிள்ளை மூன்று வாரம் வீட்டில் நின்றாள்.

அடுத்த கூட்டத்தில் விவாதம் சூடாக நடந்தது. மூத்த தலைவர் ஒருவர் எழும்பி, "அது கம்பனி செய்ய வேண்டிய வேலை. நாம செஞ்சிட்டா அவங்க தப்பிச்சிடுவாங்க" என்றார். மாதர் சங்கத் தலைவி உட்கார்ந்தபடியே கேட்டார்: "சரிங்க தலைவரே, அவங்க வந்து செய்யிற வரைக்கும் நாங்க எங்க போறது?"

இரண்டு பேர் சொன்னதும் சரி. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம். நாமே திருத்துவோம். ஒழுங்காகத் திருத்துவோம். கை வைக்கும் முன் எழுதிக் கொடுத்துவிட்டுத் திருத்துவோம். கடிதம் இல்லாமல் நாம் வைக்கும் ஒவ்வொரு கல்லும் கம்பனிக்கு நாம் கொடுக்கும் இனாம்.

யாருடைய வீடு?

ஹட்டன் டவுனில் வீடு வைத்திருக்கும் ஒருவர் தன் குளியலறையைத் திருத்த நினைத்தால் ஹாட்வெயார் கடைக்குப் போவார், ஒரு பாஸைப் பிடிப்பார், வேலையைத் தொடங்குவார். நாம் அப்படியா? நான்கு, ஐந்து தலைமுறையாக ஒரே காம்பராவில் பிறந்து, அதே காம்பராவில் இருந்து பிணம் தூக்கியவர்கள் நாம். ஆனாலும் ஒரு சுவரை உடைத்து ஒரு பைப் போடுவதற்குத் துரையின் அனுமதி வேண்டும்.

நமது லயங்களில் கக்கூஸ் கட்டிய கதையைப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். 1916 இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். அந்தப் புழு மலம் கலந்த மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோல் வழியாக உடம்புக்குள் போய், குடலில் இரத்தம் குடிக்கும். மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். ஆனால் கக்கூஸ் இல்லாவிட்டால் அடுத்த மாதமே திரும்ப ஏறிவிடும். அதனால்தான் மலசலகூடம் கட்டுங்கள் என்று தோட்டங்களை வற்புறுத்தினார்கள். இரத்தம் இல்லாத தொழிலாளியால் கூடை சுமக்க முடியாது என்ற கணக்கும் அதில் இருந்தது. நமது மானத்துக்காக மட்டும் யாரும் அன்று சுவர் எழுப்பவில்லை.

அதன் பிறகு முதலாளிகள் மாறினார்கள். 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. காணி இன்னும் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, லயம் தோட்டத்துடையது. அதற்குள் இருக்கும் நாம் பதிவேட்டில் ஒரு பெயர் மட்டும்.

உடைந்த கக்கூஸைக் காட்டிப் பிரதேச சபைக்குப் போனவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்றார்கள். நமது வாக்கில் வந்த உறுப்பினர்கள், நமது லயத்துக்கு ஒரு மூடை சீமெந்து கொடுக்க முடியாமல் இருந்தார்கள். 2018 இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பிரதேச சபைகள் ஆறாகின. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று சபைகள் நமக்குப் பக்கத்தில் வந்தன. ஆகவே, "தோட்டத்துக்குச் செய்யச் சட்டம் இடம் கொடுக்காது" என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், 2018 இன் திருத்தத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உறுதி இல்லாததன் விலை

நமது கையில் பணமே இல்லை என்பது முழு உண்மை இல்லை. ஊழியர் சேமலாப நிதியில் நமது பணம் கிடக்கிறது. பத்து ஆண்டு சேவையும் 3 இலட்சம் ரூபா மீதியும் உள்ளவர், ஓய்வுக்கு முன்பே 30 வீதம் வரை வீட்டுத் தேவைக்கு எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டுத் தேவை என்று போனால் காணி உறுதியைக் கேட்கிறார்கள். வங்கிக் கடனுக்குப் போனாலும் அதே கேள்வி. உறுதி இல்லாதவனுக்கு அவனுடைய சொந்தச் சேமிப்பே தூரத்தில் நிற்கிறது.

அதனால் நாம் எப்படித் திருத்துகிறோம்? சீட்டுப் பிடித்து, தீபாவளி முற்பணத்தில் மிச்சம் பிடித்து, கொழும்பில் கடையில் நிற்கும் மகன் அனுப்பும் காசில். ஒரு நாள் சம்பளத்துக்கு ஒரு மூடை சீமெந்து வராது. அப்படிச் சேர்த்துக் கட்டிய சுவரை ஒருநாள் "அனுமதி இல்லாத கட்டடம்" என்று சொல்லிவிட முடிகிறது. 2023 ஆகஸ்டில் மாத்தளை ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிகக் குடில் உடைக்கப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. அதைப் பார்த்து நாம் கோபப்பட்டோம். கோபத்தோடு ஒரு பாடமும் எடுத்துக்கொள்ள வேண்டும்: காகிதம் இல்லாத சுவரை உடைப்பது சுலபம்.

குளிக்கும் இடமும் ஒரு உரிமை

கக்கூஸைப் பற்றிப் பேசும் ஆண்கள் குளிக்கும் இடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நமது பெண்கள் பீலிக்கரையில் பாவாடையைக் கட்டிக்கொண்டு, போகிற வருகிற ஆட்களுக்கு நடுவில்தான் குளிக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் நுவரெலியாக் குளிரில் இருட்டும் வரை காத்திருந்து குளிக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் கழுவ இடம் இல்லை என்பதற்காக அந்த நாட்களில் பாடசாலைக்கு வராத பிள்ளைகளை எங்கள் வரவுப் பதிவேட்டில் பார்க்கிறோம். 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பாதுகாப்பான நீரும் துப்புரவும் மனித உரிமை என்று தீர்மானித்தது. அந்த உரிமை நமது லயத்துக்கு வரும்போது நாலு அடிக்கு நாலு அடி தளம், மூன்று சுவர், ஒரு கதவு, ஒரு கொண்டி என்ற அளவில்தான் வரும். அந்த அளவையாவது நாம் தவறாமல் செய்ய வேண்டும்.

நாங்கள் செய்ததும் தவறவிட்டதும்

எங்கள் கிளையில் சிரமதானமாகச் சில குடும்பங்களுக்கு மலசலகூடமும் குளிக்கும் இடமும் திருத்திக் கொடுத்தோம். பாஸ் வேலை தெரிந்த இரண்டு இளைஞர்கள் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார்கள். எல்லாம் சரியாக நடக்கவில்லை. நாங்கள் விட்ட பிழைகளை நீங்கள் விட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறோம்.

முதலில் குழி. எங்கள் முதல் குழியை மேல் லயத்துக்குப் பின்னால், மண் இளகிய இடத்தில் வெட்டினோம். மழை பிடித்ததும் கீழ் லயத்து வீடுகளின் பின் சுவரில் ஈரம் கசிந்து நாறத் தொடங்கியது. மூடிவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. மலை நாட்டில் எல்லா வீட்டுக்கும் கீழே இன்னொரு வீடு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. குழி எப்போதும் பீலிக்கும் ஊற்றுக்கும் கீழ்ப்பக்கத்தில், குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். சரிவின் விளிம்பிலும், அணைச் சுவருக்கு மேலும் வெட்டவே கூடாது. குழியில் ஊறும் தண்ணீர் மண்ணை இளக்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று காட்டிய இடத்தில் மண்வெட்டியையே எடுக்க வேண்டாம். அங்கே கேட்க வேண்டியது வேறு காணி.

இரண்டாவது, குளித்த தண்ணீரைக் குழிக்குள் விடாதீர்கள். கூரைத் தண்ணீரையும் விடாதீர்கள். குழி சீக்கிரம் நிரம்பும், சரிவும் கனக்கும். அவற்றைத் தனிக் கானில் எடுத்து, லயத்துக் கானோடு அடைப்பில்லாமல் சேருங்கள்.

மூன்றாவது, பைப்பின் சரிவு. நாலு அங்குலப் பைப்புக்குப் பத்து அடி நீளத்தில் மூன்று அங்குலம் இறக்கம் வேண்டும். கண் பார்வைக்குச் சரி என்று விட்டோம், ஒரு மாதத்தில் அடைத்தது. ஒளி தெரியும் ரசமட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடித்துப் பாருங்கள், பொய் சொல்லாது. பைப்பை வளைக்க வேண்டிய இடத்தில் சடுதியான முடக்குப் போடாமல், நீளமான வளைவு போடுங்கள்.

நாலாவது, நாற்றம். பானுக்குக் கீழே வளைந்த துண்டில் நிற்கும் தண்ணீர்தான் குழியின் நாற்றத்தையும் ஈயையும் கரப்பானையும் தடுக்கிறது. காசு மிச்சம் பிடிக்க அந்த வளைவை விட்டுவிட்டு நேர்ப் பைப் போட்டால், பளிங்குத் தளம் போட்டாலும் நாறும். குழியிலிருந்து ஒரு காற்றுப் பைப்பைக் கூரைக்கு மேலே எடுத்து, வாயில் கம்பி வலை கட்டுங்கள்.

ஐந்தாவது, தளம். பழைய உடைந்த தளத்தின் மேல் சீமெந்து பூசி மறைக்காதீர்கள். ஆறு மாதத்தில் தோல் உரியும். கொத்தி எடுத்து, கழுவி, ஈரமாக்கி, ஒன்றுக்கு மூன்று மணல் கலந்து பூசுங்கள். புதிதாகத் தளம் போடுவதானால் ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு கல். நாலு அடித் தளத்துக்கு ஒரு அங்குலம் தண்ணீர் போகும் வாயை நோக்கிச் சரிவு கொடுங்கள். சுவரும் தளமும் சேரும் மூலையைச் சாந்தால் உருட்டி விடுங்கள், ஈரம் அங்கேதான் நுழைகிறது. கண்ணாடி போல் மினுக்க வேண்டாம். தென்னோலை விளக்குமாற்றால் இலேசாக இழுத்து விட்டால் கால் வழுக்காது. விழுந்த பாட்டிக்காக நாங்கள் செய்த முதல் காரியம் அதுதான், இரண்டாவது சுவரில் ஒரு இரும்புக் கைபிடி.

ஆறாவது, அவசரம் வேண்டாம். குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும். குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை குழி வெட்டுவது சேற்றோடு சண்டை. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் நுவரெலியாவில் துகள் உறைபனி விழும் இரவுகளில் புதிய தளத்தைச் சாக்கால் நன்றாக மூடுங்கள்.

உயிருக்குச் சம்பந்தமான நாலு விடயங்கள். நிரம்பிய குழிக்குள் எவ்வளவு பெரிய வீரனும் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளை விழுத்தும், காப்பாற்றப் போனவனையும் விழுத்தும். திறந்த குழிக்குப் பக்கத்தில் பீடியும் நெருப்புக்குச்சியும் வேண்டாம். கக்கூஸ் கழுவும் அசிட்டையும் குளோரினையும் ஒன்றாக ஊற்ற வேண்டாம், எழும்பும் புகை நெஞ்சைச் சுடும். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை மெசினால் வெட்டித் தூசு கிளப்பவும் வேண்டாம்.

கடிதம்

இனி மறு கைக்கு வருவோம். வேலை தொடங்குவதற்கு முன் தோட்ட முகாமையாளருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். அதில் ஐந்து விடயம் போதும். எந்த லயம், எந்த இலக்கக் காம்பரா. என்ன பழுது, எந்தத் திகதி முதல். அதைப் பற்றி எப்போது, யாரிடம் முறையிட்டோம். சுகாதாரக் காரணத்தால் நாங்களே எந்தத் திகதியில் வேலையைத் தொடங்குகிறோம். கடைசியாக, விட்டுவிடக் கூடாத வரி ஒன்று: "இந்த வேலையை நாங்கள் செய்வதால், குடியிருப்பையும் துப்புரவு வசதிகளையும் பராமரிக்கும் பொறுப்பிலிருந்து நிர்வாகம் விடுபட்டதாக நாங்கள் ஏற்கவில்லை. செலவைக் கோரும் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை."

பிரதிகள் பொதுச் சுகாதார பரிசோதகருக்கும், பிரதேச சபைக்கும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும், சங்கக் காரியாலயத்துக்கும். அந்த நிதியத்தில் அரசும் கம்பனிகளும் மட்டுமன்றித் தொழிற்சங்கங்களும் அங்கம் வகிக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். அங்கே நமது பிரதிநிதிகளிடமும் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எங்கள் முதல் கடிதத்தைத் தோட்ட ஒப்பிசில் வாங்க மறுத்தார்கள். நாங்கள் தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டோம். பதில் வரவில்லை, ஆனால் ரசீது இருந்தது. ஒரு மாதம் கழித்து, "யாரைக் கேட்டுக் கட்டினீங்க?" என்று ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு விசாரித்தபோது, கிளைத் தலைவர் அந்தச் சின்ன ரசீதைத்தான் மேசையில் வைத்தார். பேச்சின் சுருதி மாறியது. சுவர் இன்றைக்கும் நிற்கிறது.

வேலைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுங்கள். கடைச் சிட்டைகளைக் கொப்பியில் ஒட்டுங்கள். எத்தனை ஆள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்பதைப் பிரட்டுக் கணக்கு மாதிரி முழுப் பேர், அரைப் பேர் என்று எழுதுங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் "தொழிலாளர் குடியிருப்புக்கு நாங்கள் செலவு செய்கிறோம்" என்று கம்பனி கணக்குக் காட்டும்போது, நமது பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

எல்லை எங்கே?

மூத்த தலைவரின் பயம் நியாயமானது. அதனால் எங்கள் கிளை ஒரு எல்லை போட்டது. ஒரு குடும்பத்தின் காம்பராவோடு சேர்ந்த மலசலகூடம், குளிக்கும் இடம், அதன் தளம், கதவு, பைப்: இவற்றை நாமே திருத்துவோம். பொதுக் கக்கூஸ் வரிசை, தண்ணீர்த் தாங்கி, பிரதான தண்ணீர் பைப், பெரிய கான், அணைச் சுவர்: இவற்றில் கை வைக்க மாட்டோம். அவை நிர்வாகத்தினதும் சபையினதும் வேலை, அவற்றுக்காகப் போராடுவோம். முதல் வகை வேலையைக் காட்டி இரண்டாம் வகையைத் தட்டிக் கழிக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

புது வீடு கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட 10,000 வீடுகள் என்று தனி வீடு என்ற கனவு மெதுவாக நடந்து வருகிறது. சாவி கையில் வந்ததும் போராட்டம் முடிந்ததாக நினைக்க வேண்டாம். மலக்குழி எங்கே இருக்கிறது, மூடி எங்கே, தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டு ஒரு படம் வரைந்து வையுங்கள். அதன் மேல் கோழிக்கூடோ குசினியோ கட்டாதீர்கள். ஒருநாள் பவுசர் வந்து இறைக்க வேண்டி வரும். உறுதி உங்கள் பெயரில், மனைவியின் பெயரும் சேர்ந்து கைக்கு வரும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள். உறுதி வந்த வீட்டில் நீங்கள் பதிக்கும் ஓடு உங்களுடையது. உறுதி வராத வீட்டில் அது யாருடையது என்று இன்னொருவர்தான் சொல்வார்.

தோழர்களே, நவம்பர் 19 உலக மலசலகூட தினம். அன்றைக்குப் பாடசாலையில் பிள்ளைகள் கை கழுவிக் காட்டுவார்கள், பதாகை பிடிப்பார்கள். இம்முறை ஒவ்வொரு கிளையும் அதற்கு முன் தன் தோட்டத்து லயங்களைச் சுற்றி வந்து ஒரு பட்டியல் எடுக்கட்டும்: எத்தனை குடும்பம், எத்தனை மலசலகூடம், எதற்குக் கதவு இல்லை, எதற்குத் தண்ணீர் இல்லை, குளிக்க மறைவிடம் எத்தனை வீட்டில் உண்டு, எதை நாம் திருத்தினோம், எவ்வளவு செலவு. கணக்குத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். எழுத அவர்களைக் கூப்பிடுங்கள். அந்தப் பட்டியலை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

பாட்டி இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். அவர் காம்பராவின் பின்கதவிலிருந்து ஒன்பது அடியில் புது மலசலகூடம் இருக்கிறது. பேத்தி பாடசாலைக்கு வருகிறாள். செலவுக் கணக்கு எங்கள் கொப்பியில் இருக்கிறது, கடிதத்தின் பிரதி அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணத்தை ஒருநாள் கேட்போம்.